தழும்புக்கும் சாட்சி கேட்கிறார்கள்!

2018-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு அளித்தது. வழக்குப் போட்டவருக்கு வயது 89. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து, ரங்கூன் சிறையில் அடைபட்டுக் கிடந்தவர். தியாகி பென்ஷன் கேட்டு மாநில அரசாங்கத்துக்கு அவர் மனுப் போட்டது 1980-இல். ‘கொடு’ என்று நீதிமன்றம் உத்தரவிட்டது 2018-இல்.

இடையில் ஓடிய ஆண்டுகளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவன் இருபது வயதில் ரயில்வேயில் சேர்ந்து, பிள்ளை குட்டி பெற்று, அவர்களுக்குக் கல்யாணம் செய்து வைத்து, ஓய்வு பெற்று மாலை வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் காலம் அது. அத்தனை காலமும் அந்த மனு ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு நகர்ந்துகொண்டிருந்தது. பதினாறு வயதில் துப்பாக்கி தூக்கியவர், அந்த ஓட்டத்தை ஐம்பத்தொரு வயதில் தொடங்கி எண்பத்தொன்பதில் முடித்தார்.

இதை ஒரு தனி மனிதரின் துரதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்ட நமக்கு மனம் வரவில்லை. இது ஒருவர் கதையல்ல. போரில் அடிபட்டு வந்தவனைப் பார்த்து, “அடிபட்டாய் என்பதற்கு ஆதாரம் எங்கே?” என்று கேட்கும் ஒரு நடைமுறையின் கதை. அந்த நடைமுறையைப் பற்றித்தான் இந்த மாதம் பேச விரும்புகிறோம்.

நமக்கென்ன என்று கேட்கலாமா?

நாச்சாரத்தில் ஷிப்டு முடிந்து வரும் நம் தோழர்கள் சிலர் கேட்கக்கூடும்: பட்டாளத்துக்காரர் பிரச்னையைப் பட்டாளத்துக்காரர் பார்த்துக்கொள்வார்கள், நமக்கு வீட்டு வாடகையும் ரேஷன் கார்டும் இல்லாத கவலையா?

ஆனால் தமிழன் இந்த ஊருக்கு வந்த வழியை மறந்துவிடலாகாது. 1798-இல் நிஜாம் கும்பினியாரோடு உடன்படிக்கை செய்துகொண்ட பிறகு, சென்னைப் பட்டாளம் இங்கே வந்து இறங்கியது. சிக்கந்தராபாத் கன்டோன்மென்ட் அப்படிப் பிறந்ததுதான். சிப்பாயோடு அவன் குடும்பம் வந்தது. பின்னாலேயே கொத்தனார் வந்தார், சமையல்காரர் வந்தார், குத்தகைதாரர் வந்தார். பிறகு ரயில் வந்தது. லாலாகூடா ஒர்க்ஷாப்பில் நம்மவர் சுத்தியல் பிடித்தார்கள். அதற்கும் பிறகு நாச்சாரம், மௌலாலி பேட்டைகளில் தொழிற்சாலைகள் வந்தன, நாம் வந்தோம். திருமலகிரியிலும் பொலாரத்திலும் உள்ள பழைய தமிழ்க் குடும்பங்களில் பட்டாளத்து டிரங்குப் பெட்டி இல்லாத வீடு அபூர்வம்.

இன்னொன்றும் உண்டு. பிரஸ் மிஷினில் விரல் நசுங்கிய நம் தொழிலாளியிடம், “வீட்டில் அடிபட்டதாகச் சொல்லு, உள்ளே நடந்ததாக எழுத வேண்டாம்” என்று சூப்பர்வைசர் காதோடு சொல்வதை நாம் கேட்டதில்லையா? விபத்துப் பதிவேட்டில் அன்றைக்கு ஒரு வரி ஏறாவிட்டால், ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் பிறகு எத்தனை நாள் வரிசையில் நின்றாலும் வேலையில் பட்ட காயம் என்பதை நிலைநாட்டுவது எத்தனை பாடு! ரயில்வேயிலும் இதே நியாயம்தான். காயம் உடம்பில் இருந்தால் போதாது, ஏட்டிலும் இருக்க வேண்டும். ஏடு எழுதும் அதிகாரம் மட்டும் காயம்பட்டவன் கையில் இல்லை. சிப்பாய்க்கும் தொழிலாளிக்கும் உள்ள உறவு இதுதான்.

தோட்டத் தொழிலாளி சிப்பாயான கதை

இந்திய தேசிய ராணுவம் என்றால் பள்ளிக்கூடப் புத்தகத்தில் நேதாஜியின் படம் இருக்கும். அவருக்குப் பின்னால் அணிவகுத்தவர்கள் யார்? பிரிட்டிஷ் இந்திய ராணுவத்திலிருந்து பிடிபட்ட சிப்பாய்கள் ஒரு பாதி. மற்றப் பெரும் பகுதி மலேயாவிலும் பர்மாவிலும் பிழைக்கப் போயிருந்த சாதாரண ஜனங்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். கங்காணி கூட்டிப்போக, கப்பலேறிச் சென்று ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள். 1943 ஜூலையில் சிங்கப்பூரில் நேதாஜி தலைமை ஏற்றார். அக்டோபர் 21-இல் ஆசாத் ஹிந்த் அரசாங்கம் அமைந்தது. அப்போது அந்தத் தோட்டத்து லயங்களிலிருந்து வாலிபர்கள் புறப்பட்டார்கள். டாக்டர் லட்சுமி தலைமையில் அமைந்த ஜான்சி ராணிப் படைக்குத் தோட்டத்துப் பெண்களும் புறப்பட்டார்கள். அந்தமானுக்கு ஆசாத் ஹிந்த் அரசாங்கத்தின் தலைமை ஆணையராகச் சென்ற ஏ.டி. லோகநாதன் ஒரு தமிழ் டாக்டர். 1945-இல் ரங்கூன் பிரிட்டிஷார் கைக்குத் திரும்பப் போகும் நேரத்தில், நகரத்தில் கொள்ளையும் கொலையும் நடவாமல் காத்து நின்ற படைக்குத் தலைவரும் அவரே.

இம்பாலுக்கும் கொஹிமாவுக்கும் போன 1944-ஆம் ஆண்டின் மழைக்காலம் அவர்களைச் சிதைத்தது. குண்டு பட்டவர்கள் போக, பசியும் மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் கொண்டுபோனவர்கள் பலர். தப்பியவர்கள் காட்டு வழியே பின்வாங்கினார்கள், பிடிபட்டார்கள், சிறைப்பட்டார்கள். செங்கோட்டை வழக்கு நாட்டையே உலுக்கியது. ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் மூவரும் 1946 ஜனவரியில் விடுதலையானபோது ஊரெல்லாம் கொண்டாட்டம். கொண்டாட்டம் ஓய்ந்தபின் சாதாரணச் சிப்பாய் என்ன ஆனான்? பழைய ராணுவத்தில் இருந்தவனுக்குச் சம்பளப் பாக்கி பறிபோனது. சுதந்திரம் வந்த பிறகும் அவனைப் படையில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. தோட்டத்திலிருந்து வந்தவனுக்குப் பறிபோகவும் ஒன்றுமில்லை. அவன் மறுபடியும் தோட்டத்துக்குப் போனான், அல்லது கப்பலேறி ஊர் வந்து கூலிக்குப் போனான்.

இப்போது கேட்கிறோம்: அப்படிப்பட்டவன் கையில் என்ன காகிதம் இருக்கும்? அவன் சேர்ந்த அரசாங்கம் தோற்றுப்போனது. அவன் பெயர் எழுதிய ஏடுகள் எரிந்தோ எதிரியின் கையில் சிக்கியோ போயின. பிடித்து அடைத்தவன் வெள்ளைக்காரன். அவன் சிறை இருந்ததோ வேறு நாட்டில். ரங்கூன் சிறை அதிகாரியிடம் போய்ச் சான்றிதழ் வாங்கி வா என்று திண்டிவனத்திலோ சிவகங்கையிலோ இருக்கும் விவசாயக் கூலியிடம் கேட்டால் அவன் எங்கே போவான்?

கொடுத்த கையே இறுக்கியது

சுதந்திரத்தின் வெள்ளி விழாவை ஒட்டி, 1972 ஆகஸ்ட் 15-இல் மத்திய அரசாங்கம் தியாகிகளுக்குப் பென்ஷன் திட்டம் கொண்டுவந்தது. மாதம் 200 ரூபாய். ஆண்டு வருமானம் 5,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 1980 ஆகஸ்டிலிருந்து வருமான வரம்பு நீங்கியது. ‘சுதந்திரப் போராட்ட வீரர் கௌரவப் பென்ஷன்’ என்று பெயரும் மாறியது. ‘கௌரவம்’ என்ற சொல்லை அரசாங்கமே போட்டது என்பதைக் கவனியுங்கள். வறுமைக்குத் தரும் உதவி என்ற நிலை போய், நாடு செலுத்தும் மரியாதை என்றாகிவிட்டது.

நோக்கம் நல்ல நோக்கம். ஆனால் நிபந்தனைகள்? குறைந்தது ஆறு மாதம் சிறை. பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் மூன்று மாதம். சிறை ஏட்டிலிருந்து சான்று வேண்டும். ஏடு இல்லையென்றால், ‘ஏடு இல்லை’ என்பதற்கே ஒரு சான்று வேண்டும்! அதோடு, கூடச் சிறையில் இருந்த இரண்டு பேரின் சாட்சி வேண்டும். அந்த இரண்டு பேரும் தங்கள் சிறைவாசத்தை ஏற்கெனவே நிரூபித்தவர்களாக இருக்க வேண்டும். முதலில் பென்ஷன் வாங்கியவன் யாரோ, அவன் அடுத்தவனுக்குச் சாட்சி. ஊரில் செல்வாக்கும் படிப்பும் உள்ளவன் முதலில் வாங்கினான். கையெழுத்துப் போடத் தெரியாதவன், சாட்சி சொல்ல வேண்டியவர்கள் ஒவ்வொருவராகச் செத்துப்போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நம் ஐதராபாத்தோடு சம்பந்தப்பட்ட ஒரு வழக்கே இதில் வழி திறந்தது என்பது நம் வாசகர்களில் பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கலாம். 1930-களின் கடைசியில் நிஜாம் ராஜ்யத்தில் நடந்த ஆரிய சமாஜ சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றவர்கள் பென்ஷன் கேட்டார்கள். ‘காலம் தாழ்ந்து வந்தீர்கள்’ என்ற பதில் கிடைத்தது. 1993-இல் முகுந்த் லால் பண்டாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பதிலை ஏற்கவில்லை. தகுதி உண்டா இல்லையா என்பதைப் பார். எப்போது வந்தான் என்பதை வைத்துக் கதவைச் சாத்தாதே என்பதே அதன் சாரம். 2001-இல் குர்தியால் சிங் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது. கிரிமினல் வழக்கில் குற்றத்தை நிரூபிப்பதுபோலத் தியாகத்தை நிரூபிக்கச் சொல்லக் கூடாது. நடந்திருக்கக்கூடியதுதான் என்று தெரிந்தால் போதும் என்றது. இந்த இரண்டு தீர்ப்பும் வந்த பிறகும் 89 வயதுக்காரர் ஒருவர் கோர்ட் வாசல் ஏற வேண்டியிருந்தது என்றால், தீர்ப்பு டில்லியில் இருக்கிறது, குமாஸ்தாவின் மேஜைக்கு வரவில்லை என்றுதானே பொருள்?

2019 குடியரசு தின அணிவகுப்பில் இந்திய தேசிய ராணுவத்தின் முதியவர்கள் நால்வரை முதன்முதலாக ஜீப்பில் அழைத்து வந்தார்கள். எல்லோரும் தொண்ணூறு வயதைத் தாண்டியவர்கள். பார்த்தபோது கண் கலங்கியது உண்மை. ஆனால் எழுபது குடியரசு தினங்களில் அறுபத்தொன்பதை அவர்கள் வீட்டிலிருந்தே கழித்தார்கள் என்பதும் உண்மை.

சுதந்திர இந்தியாவின் சிப்பாய்க்கும் இதே கதி

அது தோற்ற ராணுவம், வேறு நாட்டில் நடந்த சண்டை, ஏடு இல்லாதது இயற்கை என்று வாதாடுகிறவர் இருக்கலாம். சரி. நம் ராணுவத்தில், நம் ஏட்டில் பெயர் உள்ளவன் கதி என்ன?

போரில் எதிரியின் நேரடித் தாக்குதலால் காயம்பட்டவருக்கென்று ஒரு தனி மெடல் உண்டு. அது ஏற்பட்டது 1973 ஆகஸ்ட் 15-இல். காயம் எப்படிப் பட்டது என்பதை அன்றைய யூனிட்டின் பதிவு சொல்ல வேண்டும். குண்டுச் சிதறல் உடம்பில் இருந்தும், களத்தில் கட்டுப் போட்டவர் எழுதி வைக்காவிட்டால் மெடல் இல்லை. மெடல் கிடக்கட்டும், ஊனப் பென்ஷன் விஷயம் வயிற்றோடு சம்பந்தப்பட்டது. மெடிக்கல் போர்டு கூடி, ‘இந்த நோய் சேவையால் வந்ததல்ல, சேவையால் அதிகமானதும் அல்ல’ என்று ஒரு வரி எழுதிவிட்டால், நல்ல உடம்போடு போய் நொண்டியாகத் திரும்பியவன் வெறுங்கையோடு ரயிலேற வேண்டியதுதான்.

இதற்கும் உச்ச நீதிமன்றம் 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் தெளிவாகப் பதில் சொல்லியிருக்கிறது. சேரும்போது டாக்டர் பரிசோதித்துத்தானே எடுத்தீர்கள்? அப்போது குறை ஒன்றும் எழுதவில்லையே? அப்படியானால் பின்னால் வந்தது சேவையால் வந்தது என்றே கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிக்கும் பாரம் அரசாங்கத்துடையது, சிப்பாயுடையது அல்ல. எளிய மனிதனுக்கும் புரியும் நியாயம்! 2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் வந்தன. அவை பிடியை இறுக்குகின்றன என்று முன்னாள் படைவீரர்கள் குரல் எழுப்பினார்கள். அவை அந்தத் தேதிக்குப் பிறகு வெளிவருகிறவர்களுக்கு. பழையவர்களுக்குப் பழைய விதியே பொருந்தும் என்பதை நம்மவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

தாமதத்துக்கும் ஒரு விலை உண்டு. 1983-இல் உடல்நிலையால் ராணுவத்திலிருந்து அனுப்பப்பட்ட ஒருவர் 1999-இல்தான் கோர்ட்டுக்குப் போனார். 2008-இல் தர்சேம் சிங் வழக்கு என்ற பெயரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பென்ஷன் மறுப்பு மாதா மாதம் தொடரும் அநீதி, ஆகையால் உரிமை சாகாது. ஆனால் பாக்கித் தொகை வழக்குக்கு முந்திய மூன்று ஆண்டுக்கு மட்டுமே. அதாவது உரிமை நிலைத்தது, பதின்மூன்று ஆண்டுப் பணம் போயே போயிற்று.

இன்னும் ஆபத்தானது ஒன்று. பென்ஷன் இல்லாமல் வெளிவந்த சிப்பாயின் சேவை ஏடுகளை ராணுவம் 25 ஆண்டுகள்தான் வைத்திருக்கும். பிறகு விதிப்படி அழித்துவிடும். பென்ஷன் மறுத்தவனும் அரசாங்கம். ‘ஏடு இல்லையே, எப்படிக் கொடுப்பது’ என்பதும் அரசாங்கம். ஏட்டை அழித்ததும் அதே அரசாங்கம். இதைவிடக் கொடுமையான சுற்று உண்டா?

போலிகள் இல்லையா?

உண்டு. மறைப்பானேன்? மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில், ஐதராபாத் விடுதலைப் போராட்டத்தின் பேரைச் சொல்லிப் பலர் போலித் தியாகிகளாகப் பென்ஷன் வாங்கிய விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய் 2005-இல் கண்டிக்கப்பட்டது. போராட்டம் நடந்தபோது பால்குடி மாறாதவர்கூடத் தியாகி ஆனால் யாருக்குத்தான் கோபம் வராது?

ஆனால் யோசித்துப் பாருங்கள். போலிக்குக் காகிதம் எப்போதும் சரியாக இருக்கும். தேதி பொருந்தும், முத்திரை இருக்கும், சாட்சி இருக்கும். காகிதத்தை விலைக்கு வாங்க முடிந்தவன் அவன். உண்மையானவனிடம்தான் வயது ஓரிடத்தில் ஒன்றாகவும் இன்னோரிடத்தில் வேறாகவும் இருக்கும். பெயரில் ஓர் எழுத்து தவறியிருக்கும். காகிதத்தை மட்டும் பார்க்கும் சல்லடை போலியை விட்டுவிடும், ஏழையைப் பிடித்துக்கொள்ளும். ஆளைக் கூப்பிட்டுப் பேசு. எந்த முகாம், யார் அதிகாரி, எந்த ஆற்றைத் தாண்டினாய் என்று கேள். வரலாற்றோடு ஒப்பிட்டுப் பார். அதற்கு உழைப்பு வேண்டும். அந்த உழைப்பைத் தவிர்க்கத்தான் ‘சான்று இணைக்கப்படவில்லை’ என்ற ரப்பர் ஸ்டாம்பு.

வெளிநாட்டில் மட்டும் வாழ்கிறதா என்றால் அதுவும் இல்லை. இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கக் கொடியின் கீழ் போரிட்ட பிலிப்பைன்ஸ் வீரர்களுக்கு வாக்களித்த சலுகைகளை, யுத்தம் முடிந்ததும் 1946-இல் ஒரு சட்டம் போட்டு அமெரிக்கா பிடுங்கிக்கொண்டது. 63 ஆண்டு கழித்து, 2009-இல், உயிரோடு மிஞ்சியவர்களுக்கு மட்டும் ஒரு தொகை கொடுத்தது: அமெரிக்கக் குடிமகனானால் 15,000 டாலர், இல்லையானால் 9,000. ஏழை நாட்டுச் சிப்பாயின் ரத்தத்துக்கு எங்கும் தள்ளுபடி விலைதான். அங்கேயும் தானாகக் கொடுக்கவில்லை. கிழவர்கள் தெருவில் இறங்கிக் கேட்டார்கள்.

நாம் செய்ய வேண்டியது

ஆத்திரப்பட்டுவிட்டு அடுத்த மாதம் மறந்துவிடுவது நம் வழக்கமாகிவிடக் கூடாது. ஆகவே நம் வாசகக் குடும்பங்களுக்குச் சில காரியங்கள்.

ஒன்று: வீட்டில் இருக்கும் பட்டாளத்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம், சேவை எண், மெடல், மெடலின் விளிம்பில் பொறித்த பெயர், ஆஸ்பத்திரிச் சீட்டு, பழைய கடித உறை எதையும் எறியாதீர்கள். முக்கியமானது சேவை எண்.

இரண்டு: பெரியவர் உயிரோடு இருந்தால் அவரை உட்கார வைத்துக் கேட்டு எழுதுங்கள். எந்த வருஷம், எந்த யூனிட், எங்கே அடிபட்டது, எந்த ஆஸ்பத்திரி, கூட இருந்தவர் யார் யார். எழுதத் தெரியாத வீட்டுக்கு நம் சங்க வாலிபர்கள் வருவார்கள். பாட்டிமார்களையும் கேளுங்கள், தாத்தா சொல்லாததை அவர்கள் சொல்வார்கள். மனைவிக்கும் குடும்பப் பென்ஷன் உரிமை உண்டு.

மூன்று: அந்தந்தப் படைக்கு ரிக்கார்டு ஆபீஸ் தனி. மதராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரி வெலிங்டன், மதராஸ் சாப்பர்களுக்குப் பெங்களூர், பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, இ.எம்.இ., ஆர்டினன்ஸ் இரண்டுக்கும் நம் சிக்கந்தராபாத். மனுவை ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். ரசீதை ஒட்டி வையுங்கள். பதில் வராவிட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள். ‘ஏடு அழிக்கப்பட்டது’ என்று எழுதி வந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள். அதுவே நாளைக்கு நமக்குச் சாட்சி.

நான்கு: மறுத்தால் ராணுவத் தீர்ப்பாயம் இருக்கிறது. 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏற்பட்டது. நம் பகுதிக்குச் சென்னை அமர்வு. கடைசி உத்தரவு வந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். காலம் கடந்தால் காரணம் சொல்லிப் பொறுத்துக்கொள்ளக் கேட்கலாம். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும், ஆலைத் தொழிலாளருக்கும் இலவச வக்கீல் உதவிக்குச் சட்டத்தில் இடம் உண்டு.

அரசாங்கத்துக்கும் நம் கோரிக்கைகள் உண்டு. எழுபத்தைந்து வயது கடந்த மனுதாரரை ஆபீசுக்கு இழுக்காமல், அதிகாரி அவர் வீட்டுக்குப் போய் விசாரிக்க வேண்டும். குறித்த காலத்துக்குள் ஆம், இல்லை என்று காரணத்தோடு பதில் தர வேண்டும். தன் ஏட்டைத் தானே அழித்த அரசாங்கம், ஏடு இல்லை என்பதைக் காரணமாகச் சொல்ல உரிமையில்லை என்று விதி செய்ய வேண்டும். உரியவர் வென்றால், மனுப் போட்ட நாளிலிருந்து பாக்கி தர வேண்டும்.

இதில் அதிகப்படி ஒன்றும் இல்லை. நாம் இரக்கம் கேட்கவில்லை. சிப்பாயாகச் சேர்த்த அன்று அவன் கைரேகையை வாங்க அரசாங்கத்துக்கு ஒரு நிமிஷம் போதுமாயிருந்தது. அவன் காயத்தை ஒப்புக்கொள்ள மட்டும் ஒரு ஆயுள் ஏன் போதவில்லை என்று கேட்கிறோம்.

வரும் கூட்டத்துக்கு வரும்போது, வீட்டுப் பெட்டியில் உள்ள காகிதங்களையும் கையோடு கொண்டு வாருங்கள்.